சலீம் அகமது சலீம்: ஒரு தூதர் வெளியுறவு அமைச்சரான பாதை

தூதர் எழுதுகிறவர், வெளியுறவு அமைச்சர் படிக்கிறவர். இந்த இரண்டு வேலைகளையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். தூதர் வெளிநாட்டுத் தலைநகரில் இருந்துகொண்டு, அங்கே யார் கை ஓங்குகிறது, நம் கோரிக்கை எந்த மேசையில் சிக்கி நிற்கிறது, யாரைப் பிடித்தால் நகரும் என்று சொந்த ஊருக்கு எழுதி அனுப்புவார். அப்படிப் பல ஊர்களிலிருந்து வரும் கடிதங்களைப் படித்து, ஒன்றுக்கொன்று முரண்படுவதைச் சலித்து, அதிபரிடம் போய் 'இதைச் செய்வோம்' என்று சொல்பவர் அமைச்சர். செய்தது தவறாகப் போனால் நாடாளுமன்றத்தில் பதில் சொல்லவேண்டியவரும் அவர்தான்.

பெரிய நாடுகளில் இந்த இரண்டு வேலைகளையும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள் செய்கிறார்கள். 1960-களில் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளில் படித்த அதிகாரிகள் மிகக் குறைவு. அதனால் ஒரே ஆள் தூதர், ஐ.நா. பிரதிநிதி, அமைச்சர், பிறகு பன்னாட்டு அமைப்பின் தலைவர் என்று வரிசையாக ஏறிச் செல்வது அங்கே அபூர்வமல்ல. எகிப்தின் அம்ர் மூசா இந்தியாவில் தூதராக இருந்தவர், 1990-இல் ஐ.நா.வில் நிரந்தரப் பிரதிநிதி, 1991 முதல் 2001 வரை வெளியுறவு அமைச்சர், அதன்பின் அரபு லீக்கின் பொதுச்செயலர். ஐவரி கோஸ்ட்டின் அமாரா எஸ்ஸியும் ஐ.நா. பிரதிநிதியாக இருந்து 1990-இல் அமைச்சரானவர். ஆனால் இந்தப் பாதையின் ஒவ்வொரு படியையும், ஒவ்வொரு படியிலும் என்ன கோளாறு நேரலாம் என்பதையும் தெளிவாகக் காட்டுவது தான்சானியாவின் சலீம் அகமது சலீமின் வாழ்க்கைதான். அவரை வைத்தே இதை விளக்கலாம்.

22 வயதில் தூதர்

சலீம் 1942 ஜனவரி 23 அன்று சான்சிபாரில் பிறந்தார். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய தீவு அது. கிராம்புத் தோட்டங்களுக்குப் பேர்போனது. அப்போது பிரிட்டிஷ் பாதுகாப்பில் ஒரு சுல்தான் ஆண்டுகொண்டிருந்தார். சலீம் மாணவர் சங்கத்தில் தொடங்கி, கியூபாவின் ஹவானாவில் இருந்த சான்சிபார் அலுவலகத்தில் வேலை செய்து, திரும்பி வந்து பத்திரிகை ஆசிரியரானார். 1963 டிசம்பர் 10-இல் சான்சிபார் விடுதலை பெற்றது. ஒரே மாதத்தில், 1964 ஜனவரி 12-இல், புரட்சி வெடித்துச் சுல்தான் தப்பியோடினார். ஏப்ரல் 26-இல் சான்சிபாரும் எதிர்க்கரையில் இருந்த தாங்கன்யிகாவும் ஒன்றாக இணைந்தன. அந்த இணைப்பில் பிறந்ததுதான் தான்சானியா.

புதிய நாட்டுக்கு உடனே தூதர்கள் தேவைப்பட்டார்கள். இணைப்பில் சான்சிபாருக்கும் பங்கு உண்டு என்று காட்ட, தீவைச் சேர்ந்தவர்களும் பதவிகளில் இருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டே சலீம் எகிப்துக்குத் தூதராக அனுப்பப்பட்டார். வயது 22. ஆப்பிரிக்காவிலேயே இளைய தூதர் என்று அறியப்பட்டார். கெய்ரோ அப்போது சாதாரண ஊர் அல்ல. ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்கள் பலவற்றுக்கு அங்கே அலுவலகம் இருந்தது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் உச்சி மாநாடு 1964 ஜூலையிலும், அணிசேரா நாடுகளின் மாநாடு அக்டோபரிலும் அங்கேதான் நடந்தன. பிற்காலத்தில் தலைவர்களானவர்களையும் போராளிகளையும் ஒரே தெருவில் பார்க்கக்கூடிய இடம்.

தூதர் நியமனம் எப்படி நடக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைதான் இதற்கு அடிப்படை. அனுப்பும் நாடு முதலில் பெயரை வெளியே சொல்லாமல், ஏற்கும் நாட்டின் காதில் மட்டும் போடும். அந்த நாடு சம்மதித்த பிறகுதான் அறிவிப்பு வர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பல நேரங்களில் மறுப்பைக்கூடச் சொல்லமாட்டார்கள். மாதக்கணக்கில் பதில் வராது, அதுவே பதில். அவசரப்பட்டுப் பெயரை முன்கூட்டியே பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டால் இரு பக்கமும் மானம் போகும். சம்மதம் கிடைத்ததும் அதிபர் கையெழுத்திட்ட நற்சான்றுப் பத்திரம் தயாராகும். அது ஒரு நாட்டுத் தலைவர் இன்னொரு நாட்டுத் தலைவருக்கு எழுதும் கடிதம்: 'இவர் சொல்வதை என் சொல்லாக நம்புங்கள்' என்பதே அதன் சாரம். தூதர் ஊர் போய்ச் சேர்ந்ததும் அதன் பிரதியை வெளியுறவு அமைச்சகத்தில் கொடுப்பார். பிறகு ஒரு நாள் குறித்து, மூலப் பத்திரத்தை அந்நாட்டுத் தலைவரிடம் நேரில் கொடுப்பார். தூதர்களுக்குள் யார் மூத்தவர் என்பது வயதையோ நாட்டின் அளவையோ பொறுத்ததல்ல. பொறுப்பேற்ற தேதியும் நேரமும்தான் கணக்கு. 22 வயதுக்காரருக்கு இந்த விதி எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை யோசித்துப் பாருங்கள்.

வந்தவரைத் திருப்பி அனுப்பவும் வழி உண்டு. 'ஏற்கத்தகாதவர்' என்று அறிவித்தால் போதும், இதற்கும் காரணம் சொல்ல வேண்டாம். 1965 ஜனவரியில் தான்சானியாவே இதைச் செய்தது. இரண்டு அமெரிக்கத் தூதரக அதிகாரிகளை வெளியேற்றியது. அவர்களில் ஒருவரான ஃபிராங்க் கார்லூச்சி பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரானார்.

டெல்லி, தலைமையகம், பெய்ஜிங்

1965 முதல் 1968 வரை சலீம் இந்தியாவுக்கான தான்சானியாவின் உயர் ஆணையர். காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அனுப்பும் தூதருக்குத்தான் இந்தப் பெயர். தகுதியில் ஒரு வேறுபாடும் இல்லை. டெல்லியில் இருந்தபோதே செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் படித்தார். பட்டம் வாங்கிப் பதவிக்கு வருவது வழக்கம். இவருக்குப் பதவி முந்திக்கொண்டது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்து முதுகலைப் பட்டமும் இப்படி வேலைக்கு இடையே வந்ததுதான்.

அதே காலத்தில் ஒரு சிக்கல். ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசு 1965 நவம்பர் 11 அன்று தன்னிச்சையாக விடுதலையை அறிவித்தது. பிரிட்டன் அதை அடக்கவில்லை என்று டிசம்பரில் தான்சானியா பிரிட்டனுடன் தூதரக உறவையே முறித்தது. உறவு முறிவு என்றால் போர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. தூதரகம் மூடப்படும், தூதர்கள் ஊர் திரும்புவார்கள், விட்டுப்போன கட்டடத்தையும் குடிமக்களையும் மூன்றாவது நாடு ஒன்று பார்த்துக்கொள்ளும். தான்சானியாவுக்கு நேர்ந்த நட்டம் கண்கூடானது: பிரிட்டன் தருவதாக இருந்த 75 லட்சம் பவுண்ட் கடன் நின்றுபோனது. ஆனால் தான்சானியா காமன்வெல்த்தை விட்டு விலகவில்லை. அதனால்தான் டெல்லியில் சலீம் உயர் ஆணையராகவே தொடர முடிந்தது. 1968-இல் பிரிட்டனுடன் உறவு மீண்டது.

பிறகு ஓராண்டு தார் எஸ் சலாம் தலைமையகத்தில் ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்குப் பிரிவின் இயக்குநர். வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த ஓராண்டை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எங்கள் கணிப்பில், பின்னால் அமைச்சராகப் போகிறவருக்கு மிக முக்கியமான ஆண்டு இதுதான். தூதரகத்தில் மட்டும் இருந்தவருக்குத் தன் கடிதம் தலைநகரில் எப்படிப் படிக்கப்படுகிறது என்று தெரியாது. பத்துப் பக்கம் எழுதினால் முதல் பத்தியைத் தாண்டிப் படிப்பவர்கள் குறைவு. நிதி அமைச்சகம் மறுத்தால் மிக நல்ல யோசனையும் கோப்பிலேயே கிடக்கும். மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தவருக்குத்தான் இது புரியும்.

1969-இல் பெய்ஜிங். அன்றைய தான்சானியாவுக்கு இதைவிடப் பெரிய தூதரகம் இல்லை என்றே சொல்லலாம். சாம்பியாவின் செம்பு கடலுக்குப் போக, ரொடீசியா வழியே செல்லும் ரயிலைத்தான் நம்பியிருந்தது. அந்தப் பிடியை விடுவிக்க, தார் எஸ் சலாமிலிருந்து சாம்பியாவின் கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை போடச் சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மேற்கு நாடுகளும் உலக வங்கியும் கைவிரித்த திட்டம் அது. 1970-இல் வேலை தொடங்கி 1975-இல் தண்டவாளம் முடிந்தது. சீனாவுடனான இந்த நெருக்கம் சலீமின் வாழ்க்கையில் இரண்டு முறை திரும்பி வரும். முதல் முறை வெற்றியாக, இரண்டாம் முறை தடையாக.

ஐ.நா.வில் எண்ணிக்கை என்பது ஒரு கலை

1970-இல் சலீம் நியூயார்க்கில் தான்சானியாவின் நிரந்தரப் பிரதிநிதி ஆனார். வயது 28. அங்கே பத்தாண்டுகள் இருந்தார். ஐ.நா.வுக்குப் போகும் தூதருக்கு அமெரிக்காவின் முன்சம்மதம் தேவையில்லை. நற்சான்றுப் பத்திரத்தை ஐ.நா. பொதுச்செயலரிடம் கொடுத்தால் போதும், ஏனென்றால் அவர் ஒரு நாட்டுக்கு அல்ல, ஓர் அமைப்புக்குத் தூதர். சிறிய நாடுகள் செலவைக் குறைக்க ஒரே ஆளைப் பல இடங்களுக்குத் தூதராக நியமிப்பதும் உண்டு. சலீமும் நியூயார்க்கில் இருந்தபடியே கியூபாவுக்கும் சில கரீபியன் நாடுகளுக்கும் தூதராக இருந்தார்.

அவரை உலகம் கவனித்தது 1971-இல். சீனாவின் ஐ.நா. இருக்கை அப்போது தைவானில் இருந்த அரசிடம் இருந்தது. அதைப் பெய்ஜிங்குக்கு மாற்றக் கோரும் வரைவுத் தீர்மானத்தை முன்மொழிந்த 23 நாடுகளில் தான்சானியாவும் ஒன்று. இந்த வாக்கெடுப்பு எப்படி வெல்லப்பட்டது என்று பார்த்தால் ஐ.நா. தூதரின் வேலை என்னவென்று முழுசாகப் புரிந்துவிடும்.

முந்தைய ஆண்டு, 1970-இல், இதே கோரிக்கை 51 ஆதரவு, 49 எதிர்ப்பு என்று பெரும்பான்மை பெற்றது. ஆனாலும் தோற்றது. காரணம், இது 'முக்கியப் பிரச்சினை', ஆகவே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று தனியாக ஒரு தீர்மானத்தை அமெரிக்கத் தரப்பு ஆண்டுதோறும் நிறைவேற்றி வைத்திருந்தது. எனவே 1971-இல் உண்மையான போர் சீனாவைப் பற்றியதல்ல. அந்த நடைமுறைத் தீர்மானத்தை முதலில் வீழ்த்துவது பற்றியது. புதிதாக வருபவர்கள் முக்கிய வாக்கெடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அனுபவசாலிகள் அதற்கு முந்தைய நடைமுறை வாக்கெடுப்பைக் கவனிப்பார்கள். இங்கே இன்னொரு விதியும் வேலை செய்தது. பொதுச்சபையில் வாக்களிக்காமல் ஒதுங்கினால் அது கணக்கிலேயே வராது. ஆம், இல்லை இரண்டும்தான் எண்ணப்படும். ஆகவே எதிரணியில் நிற்கும் ஒரு நாட்டை நம் பக்கம் இழுக்க முடியாவிட்டாலும், ஒதுங்கி நிற்கச் செய்தாலே பாதி வெற்றி.

அக்டோபர் 25 இரவு நடைமுறைத் தீர்மானம் 55-க்கு 59 என்று தோற்றது. 15 நாடுகள் ஒதுங்கின. மேடையில் இருந்தவர் தோல்வியை அறிவித்ததும் மண்டபத்தில் கைத்தட்டலும் கூச்சலும் எழுந்தன. தான்சானியக் குழுவினர் நடைபாதையில் ஆடினார்கள் என்ற செய்தி உலகெங்கும் போனது. தைவான் தரப்பு மண்டபத்தை விட்டு வெளியேறியது. பிறகு வந்த மூலத் தீர்மானம், 2758 என்ற எண் கொண்டது, 76-க்கு 35 என்று நிறைவேறியது. 17 நாடுகள் ஒதுங்கின. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வியப்பு: 111 வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு 74. முதல் வாக்கெடுப்பில் அமெரிக்கா வென்றிருந்து, இந்த எண்ணிக்கை மாறாமல் வந்திருந்தால், அப்போதும் பெய்ஜிங் உள்ளே வந்திருக்கும். ஆனால் முதல் சுவர் விழுந்த பிறகுதான் தயங்கி நின்ற பலர் கட்சி மாறினார்கள் என்பதால் எண்ணிக்கை அப்படியே இருந்திருக்காது. அன்று தோல்வியைத் தாங்கிய அமெரிக்கத் தூதரின் பெயர் ஜார்ஜ் புஷ். பத்தாண்டு கழித்து அவர் அமெரிக்கத் துணை அதிபராக இருந்தார். இதை நினைவில் வையுங்கள்.

அடுத்த பொறுப்பு, 1972 முதல் 1975 வரை, காலனிய ஒழிப்புக்கான 24 பேர் குழுவின் தலைமை. 1972 ஏப்ரலில் அந்தக் குழுவின் மூன்று உறுப்பினர்கள், போர்த்துக்கல் ஆண்டுகொண்டிருந்த கினி-பிசாவில் விடுதலைப் படையின் கையில் இருந்த பகுதிகளுக்குள் ரகசியமாகப் போய் ஒரு வாரம் தங்கித் திரும்பினார்கள். 'அங்கே எங்கள் ஆட்சிதான்' என்று போர்த்துக்கல் சொல்லிவந்ததற்கு எதிரான நேரடிச் சாட்சியம் அது. கினி-பிசாவ் 1973 செப்டம்பரில் விடுதலையை அறிவித்தது. அடுத்த ஏப்ரலில் லிஸ்பனில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. இந்தச் சங்கிலியில் குழுத் தலைவரின் பங்கு கண்ணுக்குத் தெரியாதது: யாரை அனுப்புவது, அறிக்கை எந்தச் சொல்லில் வருவது, அது எப்போது வாக்கெடுப்புக்குப் போவது.

1976 ஜனவரியில் பாதுகாப்பு கவுன்சிலின் தலைவர். இந்தத் தலைமை ஆங்கில அகரவரிசைப்படி மாதம் ஒரு நாடாகச் சுற்றிவரும். தான்சானியாவின் முழுப்பெயர் 'தான்சானிய ஐக்கியக் குடியரசு'. ஆங்கிலத்தில் அது 'யுனைட்டெட்' என்று தொடங்குவதால், பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. சலீம் தலைமை வகித்த மாதத்தில்தான், நமீபியாவில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடத்தக் கோரும் 385-ஆம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பாலஸ்தீனம் பற்றிய இன்னொரு தீர்மானம் அமெரிக்க வீட்டோவில் விழுந்ததும் அதே மாதத்தில்தான்.

1979 செப்டம்பரில் பொதுச்சபையின் 34-ஆம் கூட்டத்தொடருக்குத் தலைவர். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கை டிசம்பர் 18-இல் நிறைவேறியது இவர் தலைமையில்தான். இன்னொரு பக்கம், பாதுகாப்பு கவுன்சிலின் ஓர் இடத்துக்குக் கியூபாவும் கொலம்பியாவும் மோதி, 150-க்கும் மேற்பட்ட சுற்றுகள் வாக்கெடுப்பு நடந்தும் யாருக்கும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. சபைத் தலைவரால் யாரையும் விலகச் சொல்ல முடியாது. மீண்டும் மீண்டும் வாக்குச்சீட்டைக் கொடுத்துப் பொறுமை காக்கத்தான் முடியும். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்த பிறகு கியூபாவின் ஆதரவு சரிந்தது. 1980 ஜனவரியில் இருவரும் விலக, மெக்சிகோ தேர்வானது. அதே மாதம் ஆப்கானிஸ்தான் பற்றிய அவசரச் சிறப்புக் கூட்டத்துக்கும் சலீம் தலைமை வகித்தார். அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானம் 104-க்கு 18 என்று நிறைவேறியது.

அமைச்சர் நாற்காலி

1980-இல் அதிபர் ஜூலியஸ் நைரேரே சலீமை வெளியுறவு அமைச்சராக்கினார். தான்சானியாவில் அமைச்சராக நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருக்க வேண்டும். சில உறுப்பினர்களை அதிபரே நியமிக்க அரசியலமைப்பு இடம் தருகிறது; இன்றைய விதிப்படி பத்துப் பேர் வரை. வெளிநாட்டிலேயே வாழ்ந்த, தொகுதி இல்லாத ஒருவரை அமைச்சரவைக்குள் கொண்டுவர இப்படி ஒரு வாசல் தேவைப்படுகிறது. பல ஆப்பிரிக்க நாடுகளில் இதைப்போன்ற ஏற்பாடு உண்டு.

தூதர் அமைச்சராகும்போது என்ன மாறுகிறது? தூதருக்கு ஒரு நாடு, அல்லது ஒரு மண்டபம். அமைச்சருக்கு எல்லாமும். தூதர் தலைநகரின் உத்தரவு தாமதமாக வருகிறது என்று குறைப்பட்டுக்கொள்வார். அமைச்சரான பிறகு அந்தத் தாமதத்துக்குக் காரணமே அவர்தான். எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம். வெளிநாட்டுத் தூதரகத்தின் வாடகை, சம்பளம், தந்திச் செலவு எல்லாம் டாலரில். சலீம் பொறுப்பேற்றபோது தான்சானியா அந்நியச் செலாவணி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. 1978-79-இல் உகாண்டாவின் இடி அமீனோடு நடந்த போர், எண்ணெய் விலை உயர்வு, விழுந்த விளைபொருள் விலை, மூன்றும் சேர்ந்து அடித்தன. பன்னாட்டு நிதியத்தோடு நைரேரே ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொள்கையில் உறுதியாகப் பேச வேண்டும், அதே வாரம் கடனும் கேட்க வேண்டும்: ஏழை நாட்டு வெளியுறவு அமைச்சரின் நிலை இதுதான்.

அவருடைய மேசையில் பெரிய கோப்பு நமீபியா. தென்னாப்பிரிக்கா அதை விடாமல் பிடித்திருந்தது. 1978-இல் ஐ.நா. 435-ஆம் தீர்மானம் வழி சொல்லிவிட்டது: போர் நிறுத்தம், ஐ.நா. படை, ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல். நிறைவேற்றத்தான் ஆளில்லை. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, கனடா என்ற ஐந்து மேற்கு நாடுகள் ஒரு பக்கம். தான்சானியா, சாம்பியா, மொசாம்பிக், அங்கோலா, போட்ஸ்வானா, 1980-க்குப் பின் ஜிம்பாப்வே ஆகிய 'முன்னணி நாடுகள்', அதாவது தென்னாப்பிரிக்க வெள்ளையர் ஆட்சிக்கு எதிராக முன்வரிசையில் நின்றவை, மறுபக்கம். 1981-க்குப் பிறகு அமெரிக்கா புதிய நிபந்தனை ஒன்றைக் கோத்தது: அங்கோலாவில் இருக்கும் கியூபப் படை வெளியேறினால்தான் நமீபியா. முன்னணி நாடுகள் இதை ஏற்கவில்லை. ஆனாலும் பேச்சை முறிக்கவும் இல்லை. 1982 ஜூலையில், வரப்போகும் நமீபியாவின் அரசியலமைப்புக்கான அடிப்படைக் கோட்பாடுகளை ஐந்து மேற்கு நாடுகள் ஐ.நா. பொதுச்செயலரிடம் எழுத்தில் கொடுத்தன. ஒத்துக்கொண்டதை ஒத்துக்கொண்ட அன்றே காகிதத்தில் பூட்டிவைப்பது பேச்சுவார்த்தையின் அடிப்படைப் பாடம். பூட்டை ஏழு ஆண்டு கழித்துத் திறந்தபோது அந்தக் கோட்பாடுகள் அப்படியே பயன்பட்டன. நமீபியா 1990 மார்ச் 21-இல் விடுதலை பெற்றது. பலன் பறிக்கும்போது அவர் அந்த நாற்காலியில் இல்லை. வெளியுறவு அமைச்சர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான்.

அண்டை வீட்டுக் கோப்பும் இருந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் ரயில், துறைமுகம், விமானம், தபால் வரை பொதுவில் வைத்திருந்த கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் 1977-இல் உடைந்தது. தான்சானியா கென்ய எல்லையை மூடியது. ரயில் எஞ்சின் யாருக்கு, கடன் யாருக்கு என்ற பாகப்பிரிவினையைச் சுவிட்சர்லாந்தின் விக்டர் உம்பிரிக்ட் நடுவராக இருந்து ஆண்டுக்கணக்கில் பேசித் தீர்த்தார். 1983 நவம்பரில் எல்லை திறந்தது; 1984-இல் அருஷாவில் பிரிவினை ஒப்பந்தம் கையெழுத்தானது.

1981: பதினாறு சுற்றுகள்

அமைச்சராக இருக்கும்போதே சலீம் ஐ.நா. பொதுச்செயலர் பதவிக்குப் போட்டியிட்டார். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அவரை ஆதரித்தது. எதிரே ஆஸ்திரியாவின் குர்ட் வால்ட்ஹைம். இரண்டு தவணை முடித்து மூன்றாவது கேட்டார்.

இந்தத் தேர்தலின் விதி எளிது, ஆனால் கொடியது. பாதுகாப்பு கவுன்சில் ஒரு பெயரைப் பரிந்துரைக்கும், பொதுச்சபை நியமிக்கும். பரிந்துரைக்கு 15-இல் 9 வாக்கு வேண்டும். அதோடு ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர்கூட 'இல்லை' என்று சொல்லக் கூடாது. கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் 27-இல் முதல் சுற்று: சலீம் 11, வால்ட்ஹைம் 10. இருவருக்குமே போதுமான வாக்கு இருந்தது. இருவருமே விழுந்தார்கள். சலீமை அமெரிக்கா தடுத்தது. வால்ட்ஹைமைச் சீனா தடுத்தது. இந்த முறை மூன்றாம் உலகத்திலிருந்து ஒருவர் வர வேண்டும் என்பது சீனாவின் நிலை. சுற்றுக்குச் சுற்று இதே கதை. 16 சுற்றுகள், ஆறு வாரம்.

அமெரிக்கா ஏன் தடுத்தது? 1971-இல் புஷ் தோற்ற அந்த இரவு தான்சானியக் குழு நடைபாதையில் ஆடியதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். அது கதைக்கு நன்றாக இருக்கிறது. முழு விளக்கமாக ஆகாது. ரேகன் அரசு தென்னாப்பிரிக்காவோடு ஒத்துப்போகும் கொள்கையை அப்போதுதான் தொடங்கியிருந்தது. நமீபியா, பாலஸ்தீனம், கியூபா என எதிலும் சலீம் மறுபக்கத்தில் நின்றவர். பத்தாண்டுகளாகப் பொதுச்சபையில் 100 வாக்குகளைத் திரட்டிக்கொடுத்த அதே பேச்சுகள்தான், ஒரே ஒரு வாக்கு எதிராக விழவும் காரணமாயின. பொதுச்சபையில் வெல்ல நண்பர்கள் வேண்டும். பாதுகாப்பு கவுன்சிலில் வெல்ல எதிரி இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு பதவிக்காலத்தில் இரண்டையும் சேர்க்க முடிந்தவர்கள் மிகச் சிலரே.

டிசம்பரில் கவுன்சிலின் தலைமை உகாண்டாவின் ஒலாரா ஒட்டுன்னு கைக்கு வந்தது. அவர் இருவரையும் ஒதுங்கிக்கொள்ளச் சொல்லி, மற்ற பெயர்களை முன்னோட்ட வாக்கெடுப்பில் சோதித்தார். வால்ட்ஹைம் விலகினார், சலீமும் ஒதுங்கினார். டிசம்பர் 11-இல் பெருவின் ஹாவியர் பெரஸ் டி கொய்யார் தேர்வானார். யாருக்கும் முதல் விருப்பமாக இல்லாதவர், யாரும் மறுக்காதவர். இன்றும் பொதுச்செயலர் தேர்வில் முன்னோட்ட வாக்கெடுப்பு நடைமுறையாக இருக்கிறது.

அதற்குப் பிறகு

1984 ஏப்ரல் 12-இல் தான்சானியப் பிரதமர் எட்வர்ட் சொக்கோய்ன் கார் விபத்தில் இறந்தார். அந்த இடத்துக்கு நைரேரே சலீமைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு நைரேரே பதவி விலகியபோது வாரிசாகச் சலீமின் பெயர் வலுவாக அடிபட்டது. கட்சி அலி ஹசன் ம்வின்யியைத் தேர்ந்தெடுத்தது. தூதராக வளர்ந்தவரின் பலவீனம் இங்கேதான் வெளிப்படும். வெளிநாட்டில் இருந்த சுமார் பதினைந்து ஆண்டுகளில் மற்றவர்கள் கிளைக் கூட்டங்களில் உட்கார்ந்து ஆள் சேர்த்திருப்பார்கள். 2005-இல் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்விலும் அவர் கடைசிக் கட்டம் வரை வந்து, பத்தாண்டு வெளியுறவு அமைச்சராக இருந்த ஜக்காயா கிக்வெட்டேயிடம் தோற்றார். சலீமின் அரபு வம்சாவளியையும் சான்சிபாரின் பழைய கட்சிச் சண்டைகளையும் கிளப்பி அவருக்கு எதிராகப் பேசினார்கள். அது அவருக்கு இழைத்த அநீதி.

துணைப் பிரதமராகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்துவிட்டு, 1989-இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் பொதுச்செயலராகத் தேர்வானார். 2001 வரை, பன்னிரண்டு ஆண்டுகள். உறுப்பு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்பது அந்த அமைப்பின் பழைய விதி. உள்நாட்டுப் போர்கள் பெருகிய காலத்தில் அந்த விதி கையைக் கட்டிப்போட்டது. 1993 ஜூனில் கெய்ரோ உச்சி மாநாடு, மோதல்களைத் தடுக்கவும் தீர்க்கவும் ஒரு தனி அமைப்பை உருவாக்க ஒப்புக்கொண்டது. சலீம் விடாமல் வற்புறுத்திய விஷயம் இது. ஆனால் பணமும் படையும் இல்லை. 1993 ஆகஸ்டில் அருஷாவில் கையெழுத்தான ருவாண்டா அமைதி ஒப்பந்தத்துக்கு இந்த அமைப்பும் உழைத்திருந்தது. எட்டு மாதத்தில் அங்கே இனப்படுகொலை நடந்தது. 2000 ஜூலையில் டோகோவின் லோமேயில் ஏற்கப்பட்ட, பழைய அமைப்பின் இடத்தில் வந்த ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைப்புச் சட்டம், இனப்படுகொலை, போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் ஆகியவற்றில் ஒன்றியம் தலையிடலாம் என்று எழுதியது. 2001-இல் அவரிடமிருந்து பொறுப்பை ஏற்றவர், மேலே சொன்ன அமாரா எஸ்ஸி.

பிறகு சூடானின் மேற்குப் பகுதியான டார்ஃபூர் பற்றிய பேச்சுவார்த்தைக்கு ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தூதராகப் போனார். 2006 மே 5 அன்று நைஜீரியாவின் அபுஜாவில் சூடான் அரசும், மின்னி மினாவி தலைமையிலான கிளர்ச்சிக் குழுவும் கையெழுத்திட்டன. மற்ற இரண்டு குழுக்கள் மறுத்துவிட்டன. அந்த இரண்டு கையெழுத்துகள் இல்லாமல் ஒப்பந்தம் களத்தில் நிற்கவில்லை.